உலோகமும் உரிப்பொருளும்: யாழ்ப்பாணத்துப் பழைய வாகனப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைகளுள் வயதால் இளையவற்றுள் ஒன்று புகைப்படக்கலை. 1839 ஆம் ஆண்டில் அது உலகறிய வெளிப்பட்டபோது நீராவிப் புகையிரதம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. இயந்திர யுகத்தின் இவ்விரு குழந்தைகளும் ஒன்றையொன்று நோக்கியவண்ணமே வளர்ந்தன. பழைய மோட்டார்க் கார், நீராவி எஞ்சின், மரக்கூடு பொருத்திய பஸ் முதலியவற்றைத் தேடித் திரிந்து படமெடுப்போர் இன்று உலகெங்கும் உளர். அவர்தம் நாட்டத்துக்குரிய இடங்களுள் யாழ்ப்பாணக் குடாநாடும் ஒன்றாகிவிட்டது. ஒஸ்ரின் கார், மொரிஸ் மைனர், தட்டிவான், யாழ்தேவி, சிதைந்த புகையிரத நிலையம் ஆகியன கமராவின் முன் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டுள்ளன. இப்படங்கள் அழகியனவா என்று வினவின் பெரும்பாலானவை அழகியனவே. ஆயின் அவை எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டாது விடுகின்றன என்பதே திறனாய்வு எழுப்பவேண்டிய வினாவாகும்.

வாகனப் படத்துக்கென ஓர் இலக்கணம் உண்டு. கமராவை வாகனத்தின் முன்விளக்கின் உயரத்துக்குத் தாழ்த்துதல், முன்புறமும் ஒருபக்கமும் சேர்ந்து தெரியுமாறு சாய்வாக நிற்றல், வெயில் தாழ்ந்த காலையிலோ மாலையிலோ படமெடுத்தல், பின்னணியை வெறுமையாக்குதல், மனிதரை விலக்குதல் என்பன அதன் விதிகள். இவற்றுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உச்சி வெயில் குரோமியப் பூச்சிற் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கார் குறுகித் தோன்றும். பின்னே நிற்கும் மின்கம்பம் கூரையில் முளைத்ததுபோலத் தெரியும். இவ்விதிகளைப் பேணி எடுத்த படத்தில், உலோகத்தை வளைத்தவனின் எண்ணம் தெளிவாகப் புலப்படும். 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் உருண்டை வடிவும், 1952 இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றின் புடைத்த தோள்களும் அத்தகைய படங்களிலேயே முழுமையாக விளங்கும். ஆனால் இவ்விலக்கணத்துக்கு முற்றும் அமைந்த ஒரு படத்தில் நிற்கும் கார் இங்கிலாந்தின் ஒரு காட்சித் திடலில் நிற்கின்றதா, கொழும்பிற் சேகரிப்பாளர் ஒருவரின் முற்றத்தில் நிற்கின்றதா, சாவகச்சேரிச் சந்தை வாயிலில் நிற்கின்றதா என்பது தெரியாது. விதி வென்ற இடத்தில் ஊர் தோற்றுவிடுகின்றது.

இக்குறையை விளக்கத் தமிழ்ப் பொருளிலக்கணமே போதிய கருவியைத் தருகின்றது. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், புள், விலங்கு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருள் தன்னளவில் நிற்பதில்லை. நெய்தற் பாட்டில் வரும் படகு ஒரு பொழுதில், ஒரு கரையில், ஒருவரின் காத்திருப்போடு சேர்ந்தே பொருள்படும். வாகனப் படத்தில் வாகனம் கருப்பொருள். அதன் முதலையும் உரியையும் அறுத்துவிட்டுக் கருவை மட்டும் ஒளியூட்டிக் காட்டுவது பாட்டிலிருந்து படகை மட்டும் பெயர்த்தெடுத்து மேசைமேல் வைப்பதை ஒக்கும். படகு அழகாக இருக்கலாம். ஆயின் பாட்டு அங்கில்லை.

இவ்வளவுகோல் புகைப்படக்கலைக்குப் புறம்பானதன்று என்பதை அக்கலையின் வரலாறே காட்டும். 1902 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கலைஞரான அல்பிரட் ஸ்ரீக்லிட்ஸ், நியூயோர்க் நகரின் ஒரு புகையிரத முற்றத்தில், கரும்புகை கக்கியவாறு தம்மை நோக்கி வரும் எஞ்சின் ஒன்றைப் படம்பிடித்தார். படத்தில் மனிதர் முதன்மை பெறவில்லை. தண்டவாளங்கள் ஒளிர்கின்றன, புகை வானை மறைக்கின்றது. அதற்கு அவர் இட்ட பெயரோ ‘மனிதனின் கை’ என்னும் பொருளுடையது. இரும்பை மட்டும் காட்டி அதன் பின்னுள்ள கையை நினைக்குமாறு பெயரால் வற்புறுத்தினார் அவர். படம் விட்ட இடத்தைத் தலைப்பு நிரப்பிற்று. அதே 1902 ஆம் ஆண்டிலேயே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே குடாநாட்டின் முதற் புகையிரதம் ஓடியது என்பது நினைக்கத்தக்கது. 1905 இல் அப்பாதை கொழும்புடன் இணைந்தது. சுருட்டும் வெங்காயமும் தெற்கே செல்லவும், எழுதுவினைஞரும் கடைக்காரரும் விடுமுறைக்கு ஊர் திரும்பவும் அவ்விரும்பு வழி செய்தது. யாழ்ப்பாணத்து நடுத்தர வகுப்பின் வரலாற்றில் ஒரு பாதி அத்தண்டவாளத்தின்மேல் எழுதப்பட்டது எனினும் மிகையாகாது.

இன்னுமோர் ஒப்புமை இதனினும் பயனுடையது. 1955 முதல் 1960 வரை ஓ. வின்ஸ்ரன் லிங்க் என்னும் அமெரிக்கர், நோர்போக் அன் வெஸ்ரேன் புகையிரதப் பாதையில் மறைந்துகொண்டிருந்த நீராவி எஞ்சின்களைப் பெரும்பாலும் இரவிற் படம்பிடித்தார். பல மின்னொளிக் குமிழ்களைக் கம்பியால் இணைத்து ஒரே கணத்தில் எரியச் செய்து இருளிலிருந்து எஞ்சினை மீட்டெடுப்பது அவர் முறை. 1956 இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படமொன்றில், திறந்தவெளித் திரையரங்கொன்றில் இளம் இணையொன்று காரில் அமர்ந்திருக்கின்றது. திரையிலே விமானம் ஒன்று பறக்கின்றது. அப்பால் வெண்புகை பொங்க எஞ்சின் விரைகின்றது. கார், விமானம், புகையிரதம் என்னும் மூன்று காலங்கள் ஒரு சட்டகத்துள் நிற்கின்றன. அப்படத்தில் மனிதர் லிங்கினால் அமர்த்தப்பட்டவர்கள். திரையிலுள்ள விமானமும் பின்னர் அச்சிடும்போது சேர்க்கப்பட்டது. எனினும் படத்தைப் பொய்யென்று எவரும் தள்ளுவதில்லை. வண்டியின் அருகே வாழ்ந்தோருக்கும் வண்டிக்கும் இருந்த உறவு அதில் மெய்யாகவே உள்ளது. எஞ்சின் மறையப்போவதை அறிந்த ஒருவர், எஞ்சினோடு மறையப்போகும் வாழ்க்கையையும் சேர்த்தே பதிவுசெய்தார். அதே 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் திகதிதான் யாழ்தேவி தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. யாழ்தேவியின் அயலில் வாழ்ந்தோரை அவ்வாறு தொடர்ந்து பதிவுசெய்த கமரா ஒன்று வாய்த்திருப்பின் குடாநாட்டின் சமூக வரலாறு எவ்வளவு செழித்திருக்கும் என்பது எண்ணற்பாலது.

இப்பின்னணியில் யாழ்ப்பாணத்துக் கார்களை நோக்கலாம். பிற இடங்களிற் பழைய கார் விருப்பத்தால் வாழ்கின்றது. யாழ்ப்பாணத்தில் அது தேவையால் வாழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்ததைப் பேணுவது நாடு முழுவதற்கும் பொதுவான கடனாயிற்று. 1977 இன் பின் கட்டுப்பாடு தளர்ந்து புதிய கார்கள் தெற்கில் நிறைந்தன. வடக்கிலோ போர் குறுக்கிட்டது. 1990 ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோலும் மின்கலங்களும் தடைப்பட்ட பொருள்களாயின, மின்சாரம் நின்றது. அப்போது ஓடியவை இந்தப் பழைய கார்களே, அவையும் மண்ணெண்ணெயில்.

இது எவ்வாறு இயன்றது என்பதை அறியாமல் இக்கார்களின் படங்களை மதிப்பிடவியலாது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே அரிதிற் கிடைத்த பெற்றோலிற் சிறிதளவைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் உயர்ந்த அமுக்கத்தையும் தாங்காது. உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச்செய்யும். 1950களின் ஒஸ்ரின் ஏ-40 போன்றவற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றாகத் தாழ்ந்திருந்தமையால் அவை அவ்வெண்ணெயைச் சகித்தன. புதிய காருக்குக் குறையாகத் தோன்றும் பழமையே அங்கு உயிர்காக்கும் பண்பாயிற்று. அதற்கு விலையும் இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும்; பிளக்குகளிற் கரி படியும்; தெருவெல்லாம் புகை சூழும். இவற்றோடு நாள்தோறும் மல்லாடிய கராச்சுத் தொழிலாளியின் கைத்திறனே அக்கார்களின் உண்மையான எரிபொருள் எனலாம். நோயாளியை வைத்தியசாலைக்கும் மணமகளை மணவறைக்கும் கொண்டுசென்றவை அவ்வாறு ஓடிய வண்டிகளே.

இனிச் சஞ்சிகைகளிலும் சுற்றுலா வெளியீடுகளிலும் வழக்கமாகக் காணப்படும் யாழ்ப்பாண ஒஸ்ரின் படத்தைப் பார்க்கலாம். ஓட்டுவீட்டு மதிலோரத்தில் வெளிர்நீலக் கார் ஒன்று தனியே நிற்கும். மதிலிற் காரை பெயர்ந்திருக்கும். மேலே பனையோலை ஒன்று சாய்ந்திருக்கும். காலம் உறைந்த நகர் என்றோ வாழும் நூதனசாலை என்றோ பொருள்படும் ஒரு வரி கீழே இருக்கும். நிறப்பொருத்தம் நன்று, ஒளியும் நன்று. ஆனால் அந்த வரி பொய் சொல்கின்றது. யாழ்ப்பாணத்திற் காலம் உறையவில்லை, அது தடுக்கப்பட்டது. உறைவது இயற்கை, தடுப்பது செயல். செயலுக்குக் காரணமும் காலமும் உண்டு. அதனைத் தாங்கியவரும் உண்டு. வறுமையை வனப்பாக்குவது புகைப்படக்கலையின் பழைய நோய். இங்கு அந்நோய் வரலாற்றையே நிறமாக்கிவிடுகின்றது. மதிலிற் காரை பெயர்ந்தது முதுமையாலா, எறிகணையாலா என்று வினவாத கமரா, காரின் பொனற்றைத் திறந்து பார்க்கவும் வினவாது. இத்தனைக்கும் அப்பொனற்றின் அடியிலேதான் படத்தின் உரிப்பொருள் இருக்கின்றது.

மாற்று வழி இல்லையா எனின் உண்டு. இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் நூலொன்று, அவர் 1999 இல் மறைந்தபின் 2002 இல் வெளிவந்தது. அந்நூலின் நாயகன் அம்பாசிடர் கார். யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடிய மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டின் நெருங்கிய உறவு அது. அவரோ அதனைக் காட்சிப்பொருளாக நிறுத்தவில்லை. காரின் கண்ணாடியூடாகவும், திறந்த கதவூடாகவும், பின்நோக்குக் கண்ணாடியிலும் இந்தியத் தெருவைக் கண்டார். கதவின் விளிம்பு படத்தைப் பிளக்கின்றது. ஒரு பாதியில் இருக்கை, மறுபாதியிற் சனக்கூட்டம். பார்க்கப்படும் பொருளாயிருந்த கார் பார்க்கும் கண்ணாக மாறுகின்றது. இதனால் வாகனம் சிறுமையுறவில்லை. அது எதற்காக இருந்தது என்பது தெளிவாகின்றது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரினுக்கு இத்தகைய நோக்கு இன்னும் பரவலாக வாய்க்கவில்லை.

தட்டிவான் இவ்வகையில் ஒரு சோதனைக்கல். பழைய வண்டிகளின் அடிச்சட்டகத்தின்மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தாற் கூடமைத்து, பக்கங்களைத் திறந்துவிட்டு, பின்னே சங்கிலியில் தொங்கும் தட்டியொன்றைப் பொருத்தி ஆக்கிய வாகனம் அது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது ஓடியதைத் தென்மராட்சியாரும் வடமராட்சியாரும் மறந்திரார். தட்டியில் தேங்காயும் மீன்கூடையும் சாக்கு மூட்டையும் ஏறும். பலகையில் ஆட்கள் நெருங்கி அமர்வர். எஞ்சின் மேல்நாட்டது, உடல் யாழ்ப்பாணத்தது. உலகப் புகழ்பெற்ற எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் இவ்வடிவம் இல்லை. இதனை வரைந்தது சந்தையின் தேவை. இத்தகைய வாகனத்தை வெறுமையாக நிறுத்தி, வர்ணம் பூசி, முன்புறச் சாய்விற் படமெடுப்போர், தம்மையறியாமலே அதன் பெயரை நீக்கிவிடுகின்றனர். சுமையில்லாத தட்டி வெறும் பலகை. மூட்டையும் கூடையும் அவற்றுக்கு உரிய பெண்களும் ஏறிய தட்டிவானின் படம், தெளிவு குன்றியதாயினும், துலக்கி எடுத்த நூறு படங்களினும் உயர்ந்த ஆவணமாகும்.

புகையிரதப் படங்களுக்கு வருமிடத்து நிலத்தின் வேறுபாடு முதலில் மனங்கொள்ளத்தக்கது. இலங்கைப் புகையிரதம் என்றவுடன் நாட்காட்டிகள் காட்டுவது மலையகத்தை: தேயிலைச் சரிவு, வளைவு, தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். வளைவில் வரும் வண்டி தன் முழு நீளத்தையும் ஒருங்கே காட்டும். படமெடுப்போருக்கு அது வரம். வடபகுதிப் பாதையோ சமநிலத்தில் நேராக ஓடுவது. ஏறி நின்று நோக்கக் குன்றில்லை. பனைவரிசையும் வானமும் ஆனையிறவின் உப்பளமுமே அதன் காட்சி. இங்கு வண்டி தொடுவானில் ஒரு கோடாகவே தோன்றும். இதனைக் குறையெனக் கருதி மலையக இலக்கணத்தை வடக்கிற் புகுத்துவோர் வெறுமையான படங்களையே பெறுகின்றனர். அகன்ற வானின்கீழ் வண்டி சிறுத்துத் தோன்றுவதே இந்நிலத்தின் முதற்பொருள். தொலைவிற் கேட்டு நெடுநேரம் கழித்து வந்தடையும் வண்டியைக் காத்திருந்தோரின் உரிப்பொருள் அதிலிருந்தே பிறக்கின்றது.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோதும், 2009 இற் போர் முடிந்தபின்னும் வந்த படப்பிடிப்பாளருக்குக் கிடைத்தது புகையிரதமற்ற புகையிரத நிலையம். கூரையிழந்த மண்டபம், துளைபட்ட சுவர், மேடையருகே தண்டவாளம் இருந்த பள்ளத்திற் புதர் என அப்படங்கள் பல. வாகனப் படக்கலையில் வாகனமே இல்லாத ஒரு வகையை யாழ்ப்பாணம் தோற்றுவித்தது எனலாம். இவற்றுட் சிறந்தவை சிதைவை இரசிப்பதோடு நின்றுவிடவில்லை. மேடையின் விளிம்பை நீளக்கோடாக நிறுத்தி, வராத வண்டியின் நீளத்தை அவை உணர்த்தின. இல்லாமையைக் காட்சியாக்குதல் எளிதன்று. அது கைகூடிய இடங்களில் இப்படங்கள் ஒஸ்ரின் படங்களினும் நேர்மையானவை. எனினும் பெரும்பான்மை அழிவின் கவர்ச்சிக்கு இரையாயின. மாலையொளியிற் குண்டுத்துளைகள் பொன்னிறம் பெற்றபோது அவற்றின் காரணம் மங்கிற்று.

2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை சென்றது. அந்நாட் படங்கள் மாலையணிந்த வண்டியையும் கொடிகளையும் முதன்மைப்படுத்தின. விழாப் படத்துக்கு அது இயல்பே. ஆயின் இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியின் பொருள் எஞ்சினின் முகத்தில் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாகப் புகையிரதத்தைத் தன் ஊரிற் காணும் இளைஞனின் முகத்திலும், அவனருகே நின்று வேறெதனையோ நினைவுகூரும் முதியவரின் முகத்திலும் உள்ளது. வண்டிக்கு முதுகைக் காட்டி அம்முகங்களை நோக்கித் திரும்பிய கமராவே அந்நாளை எழுதிய கமரா.

இவ்விடத்தில் ஒரு முரண் வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணத்து வாகனங்களின் சிறந்த படங்கள் வாகனத்தைப் பொருளாகக் கொள்ளாத படங்களே. குடும்ப அல்பங்களில் அவை கிடக்கின்றன. மணமக்கள் காரில் ஏறுகின்றனர். கதவும் முன்விளக்கும் பாதியில் வெட்டுண்டு நிற்கின்றன. சிறுவன் ஒருவன் பொனற்றின்மேல் அமர்த்தப்பட்டிருக்கின்றான். வெளிநாடு செல்லும் மகனைச் சூழ்ந்து உறவினர் நிற்க, பின்னால் வாடகைக் காரின் கூரையிற் பெட்டி கட்டப்பட்டிருக்கின்றது. வாகனப் படத்தின் எல்லா விதிகளையும் இவை மீறுகின்றன. எனினும் கார் அங்கு வாழ்க்கையிற் பெற்ற இடம் யாது, யார் அதற்குச் சொந்தக்காரர், யார் வாடகைக்கு அமர்த்தியவர், யார் அருகே நிற்கக் கூசியவர் என்பனவெல்லாம் இவற்றிலேயே படிக்கக் கிடக்கின்றன. கார் வகுப்பின் அடையாளமும் ஆகும்; தெருவோரம் நின்று பார்ப்பவனைச் சட்டகத்தின் ஓரத்திற் காட்டும் பழைய படம், அவ்வுண்மையை எத்தகைய பிரசங்கமுமின்றி உரைக்கின்றது. இத்தகைய அல்பங்கள் எத்தனை எஞ்சின? 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியின் பெரும் இடப்பெயர்வில் மக்கள் கையிற் கொண்டது சிறிது, விட்டது பெரிது. 1981 இல் எரிந்த பொது நூலகத்தின் நூல்களுக்கு ஒரு பட்டியலேனும் பேசப்படுகின்றது. வீடுகளில் அழிந்த படங்களுக்குப் பட்டியலும் இல்லை.

இத்துணை சுமையை ஒரு பொழுதுபோக்கின்மேல் ஏற்றுதல் தகுமா என்று சிலர் வினவுவர். பழைய காரை விரும்பிப் படமெடுப்பவன் சமூக வரலாற்றாசிரியனாக வேண்டுமா? உலோகத்தின் வளைவில் ஒளி விளையாடுவதைக் கண்டு மகிழ்வதும் கலையின்பமன்றோ? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. வடிவத்தில் ஈடுபாடில்லாதவன் எடுக்கும் படம் நல்ல செய்தியைக்கூடக் கெடுத்துவிடும். லிங்கின் ஒளித்திறன் இன்றேல் அவரது இரவுகள் இருளாகவே இருந்திருக்கும். உருவத்தை இகழ்ந்து உள்ளடக்கத்தைப் போற்றும் ஒருதலைப்பட்சத்தை ஈழத்து விமர்சனம் இலக்கியத்திலேயே கண்டு களைத்துவிட்டது. இங்கு வேண்டப்படுவது உருவத்தைக் குறைப்பதன்று. உருவம் எவற்றை விலக்கித் தூய்மை பெறுகின்றது என்பதை உணர்வதே. இங்கிலாந்துத் திடலில் நிற்கும் மொரிஸ் மைனரிலிருந்து மனிதரை விலக்கினால் இழப்பு சிறிது. மண்ணெண்ணெயில் ஓடி உயிர்களைக் காத்த ஒஸ்ரினிலிருந்து அவர்களை விலக்கினால் எஞ்சுவது அந்த ஒஸ்ரினே அன்று, அதனைப்போன்ற வேறொன்று.

காலமும் குறைவாகவே உள்ளது. போருக்குப் பின் புதிய வாகனங்கள் குடாநாட்டை நிறைத்தன; பழையவை கைமாறியும் உருக்குலைந்தும் அருகி வருகின்றன. அவற்றை மண்ணெண்ணெய்க்குப் பழக்கிய கைகளும் முதுமையடைந்துவிட்டன. கார் துருப்பிடித்தாலும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று உலகில் எங்கேனும் எஞ்சும். அக்கைகளுக்கு மறுபிரதி இல்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் பேணிவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகள் நூல்களுக்குச் செய்த பணியை, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்த படங்களுக்கும் விரித்துச் செய்தல் வேண்டும். பட்டதாரி மாணவரின் கைகளில் இன்று கமரா இல்லாத நாள் இல்லை. அது தன் முன் நிற்கும் காரின் தோளழகைக் கண்டபின், சற்றுத் தாழ்ந்து பொனற்றின் அடியையும், சற்றே திரும்பி அதனைத் திறப்பவரின் கரிபடிந்த விரல்களையும் காணுமாயின், அப்படத்தில் முதலும் கருவும் உரியும் ஒருங்கே அமையும். அத்தகைய படத்துக்குக் காலம் உறைந்த ஊர் என்று எவரும் குறிப்பெழுதத் துணியார்.